இடது கால் காப்பகம்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் இந்நேரம் எவனிடமாவது கைகட்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்து ஆரம்பித்தேன். பிறகு ஷூ கம்பெனியில் கட்டிங் மிஷினில் நின்றேன். இன்றைக்குச் சொந்தமாக ஆறு மிஷின் போட்டு, ஷூவின் மேல்பாகத்துக்குத் தோல் வெட்டிக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். எங்கே போனாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம்.

என் சின்ன மகள் ஆர்க்கிடெக்ட். ஐந்து வருஷம் படித்தாள். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு பெரிய ஆபீசில் வேலை. மூன்று வருஷமாக என்ன கட்டினாய் என்று கேட்டேன். ஷாப்பிங் மால்களில் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"மூணு வருஷமா கதவாம்மா?"

"நடுவுல கொஞ்ச நாள் டைல்ஸுப்பா."

நான் ஒரு ஆர்க்கிடெக்டும் இல்லாமல், மேஸ்திரியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாடி எழுப்பியவன். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். அவ்வளவுதான் குறை. பணிவு நல்லதுதானே. ஆனால் படிப்பு முடித்து வந்த நாளிலிருந்து அந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், ஏதோ விபத்தைப் பார்த்தது மாதிரி.

எங்களைப் போல கட்டிங், தையல் யூனிட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. எங்களிடம் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போனால் இவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அதனால் யூனிட்டுகள் இருக்கும் தெருவின் கடைசியில் சும்மா கிடந்த சங்கத்து மனையில் ஒரு குழந்தைகள் காப்பகம் கட்டுவது என்று முடிவானது.

நல்ல முடிவு. மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் தலைவருக்கு அந்தச் சமயம் பார்த்துச் சென்னையில் ஒரு கல்யாணத்தில் ஒரு பேராசிரியர் பழக்கமாகிவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். எங்கள் ஆடு மாடு கூட அவ்வளவு கயிறு கட்டிக்கொள்வதில்லை. அவர் சொன்ன யோசனை இது: இளம் ஆர்க்கிடெக்டுகள் தங்கள் கட்டடத்தைக் காகிதத்தில் வரைந்து கொண்டுவரக் கூடாது. பொம்மையாகச் செய்து கொண்டுவர வேண்டும். குழந்தைகள் அதை வைத்து விளையாட வேண்டும், தாய்மார்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஊரே கூடிக் கொண்டாட வேண்டும்.

தலைவர் அதில் தன் மூளையையும் கொஞ்சம் சேர்த்தார். வேலை செய்யும் தாய்மார் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷூ பக்கிள் கொடுப்பது. பிடித்த கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் போட வேண்டியது. எந்தப் பெட்டியில் பக்கிள் ஜாஸ்தியோ அவர்களுக்கே காப்பகம். பேராசிரியர் தன் பங்குக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுப்பார்.

என் மகள் பெயர் கொடுத்தாள். கொடுத்த அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"இது கெடச்சா ஆம்பூர்லயே ஆபீஸ் போட்டுடுவேன்பா. கெடைக்கலன்னா திங்கக்கெழம திரும்பவும் கதவு. அதனால நீ இதுல தலையிடாத."

"நான் இன்னா தலையிடப் போறேன்?"

"யார்கிட்டயும் போயி எம்பொண்ணுக்குப் போடுன்னு சொல்லாத. டீக்கடையில கூட."

டீக்கடையை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. அன்று காலைதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தலையிடக் கூடாது என்றவளே ஒரு மாதம் கழித்து என் யூனிட்டுக்கு வந்து நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது பொம்மை இல்லை, ஒவ்வொரு குழந்தை கையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அறுபது பெட்டி வேண்டும். சென்னையில் வெட்டித்தர நாளாகும் என்றார்களாம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவள் ரசிக்கவில்லை.

மாதிரி ஒன்றைக் கையால் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஷூவின் உள்ளே அடியில் வைப்போமே, அந்த லெதர் போர்டில் நான்கு துண்டு. ஒரு பக்கம் செங்கல் சிவப்பு, மறுபக்கம் சாம்பல்; சிவப்புதான் வெளியே தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால் கட்டடத்தின் ஒரு மூலைச் சுவர் நிற்கும். ஒரு ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் பள்ளம். நாக்கைப் பள்ளத்தில் செருகிக்கொண்டே போனால் நான்கு சுவரும் வட்டமாகக் கை கோத்துக்கொள்ளும். ஒன்றில் வாசல், ஒன்றில் சமையல்கட்டு, ஒன்றில் கழிப்பறை, ஒன்றில் குழந்தைகள் தூங்கும் அறையின் நீள ஜன்னல். மேலே ஒரு கூரை. தோல் காய வைக்கும் மாடிகளில் பலகைச் சுவர் இருக்குமே, காற்று வர மட்டும் சந்து விட்டு, அந்த மாதிரி ஜன்னல் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் பிடித்தது. சொல்லவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி வெட்டணும்பா. மொதல்ல ஒண்ண சேத்துப் பாத்துட்டு அப்புறம் பேக் பண்ணு."

"எனக்கே சொல்லிக் குடுக்குறியா? ஜெர்மன்காரன் காலுக்கே வெட்டினவன் நானு."

"இது கால் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சென்னை ரயிலுக்குப் போய்விட்டாள்.

அந்த நான்கு துண்டுக்கும் டை செய்து வந்த அன்றைக்கு மிஷினில் நானே நின்றேன். முதலாளி ஆனபிறகு மிஷின் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. என் மகள் வேலை, வேறு ஒருவன் கை பட வேண்டாம் என்று பட்டது. கை மறக்கவில்லை. போர்டை விரித்து, டை வைத்து, அடித்து, எடுத்து, மறுபடி வைத்து அடித்து. பக்கத்தில் நின்ற என் கட்டர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த வேகம் இந்தக் காலத்துப் பையன்களுக்கு வராது.

இங்கே டை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது எஃகுப் பட்டையை வளைத்துச் செய்த அச்சு. மேல் விளிம்பும் கூர், கீழ் விளிம்பும் கூர். ஒரு பக்கம் வைத்து அடித்தால் இடது காலுக்கு, புரட்டி வைத்து அடித்தால் வலது காலுக்கு. ஆம்பூரில் எந்தக் கட்டரும் ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போகமாட்டான். வலது கால் மட்டும் அறுபது வெட்டினால் அதை யார் தலையில் கட்டுவது? ஒன்று அடித்ததும் கை தானாக டையைப் புரட்டும். என் கையும் புரட்டியது. அந்தப் பக்கம் பேக்கிங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் வழக்கம்போல ஜோடி பார்த்து, ஒரு பெட்டிக்கு இடது இரண்டு வலது இரண்டு என்று டிஷ்யூ காகிதம் சுற்றி அழகாக அடுக்கி மூடினார்கள். கட்டடத்துக்கு இடது வலது எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவும் இல்லை. சேர்த்துப் பார்ப்பது புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில். வாசலில் பேனர். இளம் கட்டடக் கலைஞர்களின் படைப்புத் திருவிழா என்று போட்டிருந்தது. சங்க நிர்வாகிகளான எங்கள் முகமெல்லாம் தாம்பாளம் அளவுக்கு. அந்த இளம் கலைஞர்களின் முகம் கீழே வரிசையாக, காசு அளவுக்கு. என் முகம் மூன்றாவது பெரியது. இரண்டாவதாக இருந்திருக்க வேண்டும், அது வேறு சண்டை.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். "இது கட்டடம் அல்ல, ஓர் உரையாடல்" என்றார். "வெளி என்பது சுவர்களுக்கு நடுவில் இருக்கும் மௌனம்" என்றார். பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மௌனத்தைப் பற்றி அவர் பேசப் பேச அழுகை கூடியது. கடைசியில் அவர் உட்கார்ந்தார், குழந்தையும் நிறுத்தியது.

போட்டிக்கு என் மகளைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவன் தாடிக்காரப் பையன். தெர்மாகோலில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தொடாதீர்கள் என்று எழுதியிருந்தான். தாயின் கருவறைதான் அதன் கருத்தாம். ஒரு தாய் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்பா, இதுக்கு வாசல் எங்க?"

"வாசல் ஒரு உணர்வுங்க."

"கொழந்தைங்க வெளிய வரணுமே?"

பக்கத்தில் இருந்தவள், "பத்து மாசம் பொறு, தானா வரும்" என்றாள்.

இன்னொரு பெண் வேலூர்க் கோட்டை மாதிரி அகழியோடு மூங்கில் குச்சியில் கட்டியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. கைக்குழந்தைகள் இருக்கும் இடத்தில் அகழியில் உண்மையாகவே தண்ணீர் விடுவீர்களா என்று தாய்மார் கேட்டதோடு அவள் பாதி தோற்றுவிட்டாள்.

அப்புறம் என் மகளின் பெட்டிகள். அன்று காலைதான் ரயிலில் வந்திருந்தாள். மூடின பெட்டிகளை அப்படியே அறுபது குழந்தைகள் கையில் கொடுத்தார்கள். டிஷ்யூ காகிதத்தைப் பிரிக்கும் சத்தமே ஒரு நிமிஷம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெட்டினது யார் என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

குழந்தைகள் செருகினார்கள். முதல் துண்டு சேர்ந்தது. அடுத்த துண்டில் நாக்கும் நாக்கும் முட்டிக்கொண்டன. வேறு துண்டை எடுத்தால் பள்ளமும் பள்ளமும் பார்த்துக்கொண்டு நின்றன. குழந்தைகளுக்கு மூளை அதிகம். துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சேருகிறது என்று கண்டுபிடித்தார்கள். மண்டபம் முழுக்கக் கட்டடங்கள் எழும்பின. பாதிக் கட்டடங்களில் வாசல் மேலே தொங்கியது. மீதியில் சமையல்கட்டு கவிழ்ந்து கிடந்தது. கூரையை வைத்தால் நொண்டி நொண்டி விழுந்தது. ஒரு சிறுமி பொம்மைக் கதவைக் காட்டி, "ஏணி குடுங்க" என்று கேட்டாள்.

தாடிக்காரப் பையன் சிரித்தான். என் மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்தாள், பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"ஒண்ண சேத்துப் பாத்தியா?"

நான் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். "வெட்டு சுத்தமாத்தான இருக்குது."

"அப்பா. சேத்துப் பாத்தியா, இல்லியா?"

என் ஆயுளில் சரக்கு வாங்கும் எத்தனையோ பையர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சரக்கைத் திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டிய வெள்ளைக்காரனுக்குக் கூட வாய் ஓய்ந்ததில்லை. அவளுக்கு முன்னால் மறுபடி ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் யூனிட்டில் ஜோடி பார்க்கும் அம்மா எழுந்து வந்தாள். வெட்டின தோலில் இடதும் வலதும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சேர்ப்பது அவள் வேலை. அவளுடைய பேரப்பிள்ளைக்கும் ஒரு பெட்டி கிடைத்திருந்தது. இரண்டு துண்டை எடுத்து, ஷூவை ஒட்டிப் பார்ப்பது போல ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், இடுப்பில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐய, மொதலாளி! லெப்டு ரைட்டு வெட்டிக்கிறீங்களே! கட்டடத்துக்கு ஏது காலு?"

மண்டபமே சிரிப்பில் வெடித்தது. அத்தனை பேரும் ஷூ வேலைக்காரர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"இன்னா சைஸு மொதலாளி, ஏழா எட்டா?" என்றாள் ஒருத்தி.

"லேஸ் எங்க, லேஸ் காணோமே?" என்றாள் இன்னொருத்தி.

எங்கள் தலைவரே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பேராசிரியர் மட்டும் சிரிப்பு புரியாமல் கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நேரம் முடிந்துவிட்டது, இந்தப் படைப்பு முழுமையடையவில்லை, அடுத்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்றார்.

என் மகள் மேடைப் பக்கம் பார்க்காமல் ஜோடி பார்க்கும் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, பிரிச்சுட முடியுமா?"

"இது இன்னா பெரிய வேல? ஏய், எல்லாரும் பெட்டியக் கொட்டுங்கடி! லெப்டு இந்தாண்ட, ரைட்டு அந்தாண்ட. வாசல் தனி, ஜன்னல் தனி. ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லைனுக்கு நடுவுல நிக்காதீங்க."

கடைசி வாக்கியம் பேராசிரியருக்கு. அவர் தள்ளி நின்றார். நாற்காலிகள் நகர்ந்தன, தரையில் புடவைகளும் சுடிதார்களுமாக வரிசை உட்கார்ந்தது. தினமும் எட்டு மணி நேரம் செய்கிற வேலை. கண் பார்ப்பதற்குள் கை பிரித்துவிடும். மேடையில் அடுத்த பேச்சாளர் தன் பேச்சை முடிப்பதற்குள் பெட்டிகளை மறுபடி அடுக்கிவிட்டார்கள். முப்பது வலது கட்டடம், முப்பது இடது கட்டடம். எல்லாம் நேராக நின்றன, எல்லாவற்றுக்கும் கூரை உட்கார்ந்தது. வலது கட்டடம் என் மகள் வரைந்தது. இடது கட்டடம் அதையே கண்ணாடியில் பார்த்தது மாதிரி. ரோட்டிலிருந்து பார்த்தால் வலதில் குழந்தைகள் தூங்கும் அறை இடப்பக்கம் இருக்கும், இடதில் வலப்பக்கம்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் மூச்சு விட்டேன். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டும் உட்கார்ந்ததும் தாய்மார் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி வலது கட்டடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"பாப்பா, இந்த ஜன்னல் அந்த மனையில எந்தப் பக்கம் வரும்? லாரி ஷெட்டு பக்கமா?"

"ஆமாக்கா. அங்க காலி எடம் இருக்குல்ல, நல்லா காத்து வரும்."

"காலி எடமா? மத்தியானம் ஆனா லோடு ஏத்த வரிசையா நின்னு உர்ருன்னு புகை விடுமே!"

"நான் பாத்தப்ப ஒரு லாரி கூட இல்லியே."

"நீ எப்ப வந்து பாத்தே?"

என் மகள் கொஞ்சம் தயங்கினாள். "ஞாயித்துக்கெழமைங்க. மத்த நாள் ஆபீஸு."

"ஞாயித்துக்கெழம லாரி ஏதுடி கண்ணு?"

மறுபடி சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. எனக்கு ஒருவித நிம்மதி வந்தது. சொந்த மகள் மாட்டிக்கொண்டதில் நிம்மதியா என்று கேட்பவர்கள், அறுபது பெட்டியை இடம் வலமாக வெட்டிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஐந்து வருஷம் படித்த படிப்பில் ஒரு வேலை நாளில் போய் மனையைப் பார் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை பாருங்கள்.

அவள் இடது கட்டடம் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு மைக் இருந்த இடத்துக்குப் போனாள்.

"நான் வரைஞ்சது தப்பு. கொழந்தைங்க தூங்கற எடத்த லாரி பக்கம் வெச்சுட்டேன். எனக்குப் போடறதா இருந்தா இதுக்குப் போடுங்க. அதுக்குப் போடாதீங்க."

பேராசிரியர் எழுந்தார். சமர்ப்பித்த வரைபடம் வேறு, இது வேறு, விதிகளின்படி இதை ஏற்க முடியாது என்றார்.

எங்கள் தலைவர் நல்ல மனிதர், ஆனால் குழப்பத்தைப் பிடிக்காதவர். "விதி யாரு எழுதனதுங்க?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

"அப்ப எனக்கே ஞாபகம் இல்ல. பக்கிள் போடட்டும், விடுங்க."

அவர் சொல்வதற்கு முன்னாலேயே பக்கிள்கள் விழும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. என் மகள் பெட்டி நிரம்பி, கூடுதலாக ஒரு சாம்பார் வாளி கொண்டுவந்து வைத்தார்கள். கோட்டைக்குக் கொஞ்சம் விழுந்தது. முட்டைக்கு விழுந்ததை ஒரு கையால் மூடிவிடலாம். பாராட்டுப் பத்திரம் முட்டைக்குத்தான். பையன் அதை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். காப்பகம் எங்களுக்கு.

நான் விடுவேனா? மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "அன்னைக்கு நான் மிஷின்ல நின்னு டைய பொரட்டலன்னா இந்த எடது கட்டடமே கெடையாது" என்றேன். கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் என் மகள் காதருகில் வந்தாள்.

"தெரிஞ்சா பொரட்டின?"

"தெரிஞ்சோ தெரியாமலோ, பொரட்டினது யாரு?"

"போட்டோவுல நில்லுப்பா, போ" என்றாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனாள். நாளைக்கு ஆபீசுக்கு லீவு, லாரி வருகிற நேரத்துக்கு மனையில் நிற்கப் போகிறேன், கூட யார் வருவீர்கள் என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வருகிறோம் என்று ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். நானும் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"நீ வேணாம்பா. நீ வந்தா நீயே பேசுவ. அவங்க பேசணும்."

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து, மறுபடி வேலை மணியும் அடித்தாயிற்று. ஜோடி பார்க்கும் மேஜையில் ஒருத்தியும் இல்லை, பேக்கிங்கில் பாதிப் பேர் இல்லை. வெட்டின தோல் மேஜையில் குவிந்துகொண்டே போனது. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்து ஜோடி பார்த்தேன். கடினமான வேலை அது. கறுப்பில் கூட ஒன்பது கறுப்பு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. என் யூனிட்டிலேயே எனக்குத் தெரியாத வேலை ஒன்று இருந்திருக்கிறது. இதை நான் வெளியில் சொல்வதில்லை.

கூட்டமாகத் திரும்பி வந்தார்கள், முகமெல்லாம் புழுதி. கோபத்தை எங்கே ஆரம்பிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜோடி பார்க்கும் அம்மா என் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

"ஏந்திரிங்க மொதலாளி. கெடுத்து வெச்சிருப்பீங்க."

"மணி இன்னா ஆவுது? அங்க இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க?"

"வாசல பின்னால கொண்டு போயிட்டோம். முன்னால வெச்சா புள்ளைங்க ரோட்டுக்கு ஓடுதுங்க. சமையல்கட்டும் மாறிடுச்சு. உங்க பொண்ணு பாவம், அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு."

"அப்ப அவ வரைஞ்சதுல மிச்சம் இன்னாதான் இருக்குது?"

அவள் நான் சேர்த்து வைத்திருந்த ஜோடிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"கூரை இருக்குது" என்றாள். "அதுவும் நாளைக்கு இன்னொரு வாட்டி பாக்கணும்னு பாப்பா சொல்லிக்கிது."